வாசல்லயே மறிக்காதீங்கய்யா!

இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். இளகிய மனசுள்ள வெப் டிசைனர்களும், "லீட் ஜெனரேஷன்" வித்து வயித்தைக் கழுவுற மார்க்கெட்டிங் நண்பர்களும் இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க. அப்புறம் வந்து முன்னாடியே சொல்லலைன்னு அழக்கூடாது.

போன வருஷம் கார்த்திகை மாசம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அடையார்ல எங்க வீட்டுல அப்பாவுக்குத் திடீர்னு மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல உக்காந்துட்டார். அம்மா விபூதி எடுக்க ஓடினாங்க. நான் போனை எடுத்தேன். அப்பா வழக்கமா செக்கப்புக்குப் போற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேணாம், விடுங்க. எனக்குத் தேவை அவங்க எமர்ஜென்சி நம்பர். அவ்ளோதான். பத்து இலக்கம்.

அவங்க வெப்சைட்டைத் தொறந்தேன்.

மொதல்ல ஒரு வட்டம் சுத்துச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி கட்டடம், சாயங்கால வெளிச்சத்துல ட்ரோன் வெச்சு எடுத்த போட்டோ. நகர்ந்து போச்சு. அடுத்தது சேர்மன் யார்கிட்டயோ விருது வாங்கறார். அதுவும் நகர்ந்து போச்சு. மூணாவதா ஒரு ஆம்புலன்ஸ் படம், கீழ நம்பர்! கட்டைவிரலை வெக்கறதுக்குள்ள அது நகர்ந்து, "தீபாவளி சலுகை, முழு உடல் பரிசோதனை"ன்னு இன்னொரு படம் வந்து நின்னுது. தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம் ஆகியிருந்துது. விரல் அது மேல பட்டு, பக்கம் மாறிடுச்சு. திரும்பி வந்தா திரைக்கு நடுவுல ஒரு பெட்டி. "உங்கள் பெயர், மொபைல் எண் தாருங்கள், எங்கள் ஆலோசகர் அழைப்பார்." மூடறதுக்கு பெருக்கல் குறி எங்கன்னு தேடறேன். வெள்ளை மேல வெளிர் சாம்பல்ல எங்கயோ ஒரு புள்ளி மாதிரி இருக்கு. கை நடுங்குது. சனியனே, நம்பரைக் குடுத்தாலாவது தொலையுமான்னு தட்டி விட்டேன். "நன்றி! விரைவில் அழைக்கிறோம்"னு சொல்லிட்டுப் போச்சு. மறுபடியும் ஆம்புலன்ஸ் படம் சுத்தி வர்ற வரைக்கும் காத்திருந்து நம்பரைத் தொட்டேன். ஒண்ணும் ஆகலை. ஏன்னா அது நம்பர் இல்ல, நம்பரோட படம். தொட்டா கால் போகாது.

இதுக்குள்ள அம்மா பக்கத்து வீட்டு அங்கிளை எழுப்பிட்டாங்க. அவர் வெப்சைட் எல்லாம் பாக்கலை. 108-க்கு அடிச்சார். வண்டி வந்துது. அப்பா பொழச்சுட்டார். இப்ப சக்கரை போடாத காபிக்காக அம்மாவோட தினமும் சண்டை போடற அளவுக்கு நல்லாவே இருக்கார்.

கதை இதோட முடியலை. மறுநாள் காலைல பத்து மணி. ஐசியு வாசல்ல உக்காந்திருக்கேன். போன் வருது.

"குட் மார்னிங் சார். நேத்து எங்க வெப்சைட்ல என்கொயரி பண்ணியிருந்தீங்க. மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல ரெண்டு பேக்கேஜ் இருக்கு சார். அப்பா அம்மாவுக்கு சேர்த்து எடுத்தீங்கன்னா..."

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்லை. அவங்களுக்கு ஒரு லிஸ்ட் குடுத்திருப்பாங்க, அதுல என் நம்பர் இருந்திருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. முந்தின நாள் ராத்திரி அப்பாவுக்கு மூச்சு நின்னுடுமோன்னு பதறிக்கிட்டு இருந்த நான், அந்த ஆஸ்பத்திரி கணக்குல ஒரு லீட். மாசக் கடைசியில மார்க்கெட்டிங் டீம் காட்டற கிராஃப்ல என்னால ஒரு கோடு மேல ஏறியிருக்கும். "பாப்-அப் நல்லா வேலை செய்யுது சார், ராத்திரி ரெண்டு மணிக்கு கூட லீட் வருது"ன்னு யாராவது ஏசி ரூம்ல சொல்லியிருப்பாங்க. கைதட்டியிருப்பாங்க.

அன்னிக்கு முடிவு பண்ணேன், இதைப் பத்தி எழுதியே ஆகணும்னு.

ஹோம் பேஜ்னா என்ன?

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஹோம் பேஜ் முதலாளியோட ஆளுயர கட்-அவுட் இல்ல, வாசல். வாசல்ல நிக்கிற ஆளுக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். நான் தேடி வந்தது இங்க இருக்கா? இருந்தா, எந்தப் பக்கம் போகணும்? இந்த ரெண்டுக்கும் பதில் சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட எதையும் கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை கிடையாது. போன் நம்பர் கேக்கவே கூடாது.

இதைக் கத்துக்க அமெரிக்கா போக வேண்டாம். மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள்ள நடங்க. அங்க கடை வாசல்ல நிக்கிற பையனைப் பாருங்க. "வாங்கக்கா, சுடிதாரா நைட்டியா?" அவ்ளோதான் அவன் கேள்வி. "சுடிதார்"னா, "ரெண்டாவது மாடி, படி இந்தப் பக்கம்." முடிஞ்சுது. முழுசா அஞ்சு செகண்ட் ஆகாது. பனகல் பார்க் பக்கம் பெரிய ஜவுளிக் கடைகள்லயும் இதேதான். 1928-ல ஆரம்பிச்ச நல்லி கடைக்கு சொல்லிக்க எவ்ளோ பெரிய சரித்திரம் இருக்கு! ஆனா அங்க புடவை எடுக்கப் போனா, மொதல்ல நின்னு வரலாறு கேட்டுட்டு அப்புறம் உள்ள போன்னு யாரும் சொல்றதில்ல. "என்ன பாக்கறீங்கம்மா? பட்டா, காட்டனா?" அதுதான் கேள்வி.

இப்ப அதே தி.நகர்ல ஒரு சின்னக் கடையோட வெப்சைட்டை (எதை வேணா எடுத்துக்கோங்க) அந்தப் பையன் இடத்துல நிறுத்துங்க. நீங்க வாசலுக்கு வர்றீங்க. அவன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "வணக்கம், எங்கள் கடைக்கு நல்வரவு. எங்கள் நிறுவனர் சிறு வயதிலேயே..."ன்னு ஆரம்பிக்கறான். நீங்க எட்டிப் பாத்தா முகத்துக்கு நேரா ஒரு ஆல்பத்தைப் புரட்டறான், நீங்க பாக்கறதுக்குள்ள அடுத்த பக்கம். சரி உள்ள போகலாம்னா, "போன் நம்பர் சொல்லிட்டுப் போங்க." நீங்க என்ன பண்ணுவீங்க? பக்கத்துக் கடைக்குப் போவீங்க. வெப்சைட்லயும் ஜனங்க அதைத்தான் பண்றாங்க. பின்னாடி போற பட்டன் ஒரு விரல் தூரம்தான்.

நானும் குற்றவாளிதான்

ஊரைத் திட்டறதுக்கு முன்னாடி என் யோக்யதையையும் சொல்லிடறேன். பொட்டி தட்டறவன்னு தெரிஞ்சா சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? மயிலாப்பூர்ல எங்க சித்தப்பா கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றார். காலேஜ் முடிச்ச புதுசுல, "டேய், எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுடா"ன்னார். போட்டேன். பெருமையாப் போட்டேன்.

ஆறு போட்டோ நகரும். மேல "வெல்கம் டு அவர் வெப்சைட்". கீழ "அவர் விஷன்", "அவர் மிஷன்". மைசூர் ரசம் வெக்கற மனுஷனுக்கு என்னங்க விஷன்? ரசம் நல்லா இருக்கணும், பந்தி முடியற வரைக்கும் தீராம இருக்கணும், அதானே? சித்தப்பா கோட்டு போட்டு ஸ்டுடியோவுல எடுத்த போட்டோ ஒண்ணு. அவர் வாழ்க்கையில கோட்டு போட்டது அந்த ஒரு நாள்தான். போன் நம்பர் எங்கன்னு கேக்கறீங்களா? ஓரத்துல மூணு கோடு இருக்கும், அதைத் தொட்டா மெனு வரும், அதுல கடைசியா "கான்டாக்ட் அஸ்", அதுக்குள்ள ஒரு படிவம், அதுக்கும் கீழ நம்பர்.

ரெண்டு வருஷத்துல அந்த வெப்சைட்டைப் பாத்துட்டு வந்த போன் கால் கிட்டத்தட்ட பூஜ்யம். "நம்ம ஜனங்களுக்கு இன்டர்நெட்ல தேடத் தெரியலை சித்தப்பா"ன்னு நான் தீர்ப்பு சொல்லிட்டேன். அப்புறம் ஒரு நாள் லஸ் பக்கத்துல இருந்து ஒரு மாமி, கோயில்ல சித்தப்பாவைப் பாத்தப்ப சொல்லியிருக்காங்க. "உங்க வெப்சைட் பாத்தேனே. என் பேரனுக்கு ஆயுஷ்ய ஹோமம், முப்பது பேர்தான். நீங்க சின்ன விசேஷம் எல்லாம் எடுப்பேளா மாட்டேளான்னு அதுல ஒண்ணும் போடலை. எதுக்கு வம்புன்னு வேற ஆளைச் சொல்லிட்டோம்."

மாமிக்கு இன்டர்நெட்ல தேடத் தெரிஞ்சிருந்துது. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியலை.

ஆஸ்பத்திரி சம்பவத்துக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அத்தனையையும் அழிச்சேன். இப்ப அந்தப் பக்கத்துல இருக்கறது இவ்ளோதான்:

"கல்யாணம், அறுபதாம் கல்யாணம், சீமந்தம், ஹோமம், தெவசம். 25 பேரிலிருந்து 800 பேர் வரை சமையல், பரிமாறல். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, தி.நகர், அடையார்."

அதுக்குக் கீழ, காலை டிபன் ஒரு இலைக்கு எவ்ளோவுல இருந்து, கல்யாண சாப்பாடு எவ்ளோவுல இருந்துன்னு ரெண்டு வரி. அதுக்குக் கீழ ரெண்டே பட்டன். ஒண்ணு, போன் பண்ண. இன்னொண்ணு வாட்ஸ்அப். வாட்ஸ்அப்பைத் தொட்டா "தேதி, எத்தனை பேர், எந்த இடம்"னு மூணு கேள்வி ஏற்கனவே டைப் ஆகியிருக்கும், வர்றவங்க நிரப்பினா போதும். அதுக்கும் கீழ ரெண்டு போட்டோ. நகராது. ஒண்ணு பந்தி, இன்னொண்ணு கரண்டியோட சித்தப்பா. கோட்டு இல்லாம, துண்டோட.

"ஏண்டா, இவ்ளோ காலியா இருக்கே, பணம் இல்லாதவன் மாதிரி நெனச்சுக்க மாட்டாங்களா?"ன்னு சித்தப்பா மொதல்ல முறைச்சார். மொத மாசமே பதினோரு பேர் கூப்பிட்டாங்க. நாலு ஆர்டர். ஆனா எனக்கு சந்தோஷம் அந்த எண்ணிக்கையில இல்லை. "இப்பல்லாம் கூப்பிடறவங்க 'நீங்க பண்ணுவீங்களா'ன்னு கேக்கறதில்லடா, 'அன்னிக்கு நீங்க ஃப்ரீயா'ன்னு கேக்கறாங்க"ன்னு சித்தப்பா சொன்னார் பாருங்க, அதுல இருக்கு. லீட் லீட்னு உயிரை விடறீங்களே, அதுதாங்க லீட். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, தானா விரும்பி, கதவைத் தட்டற ஆள். பாப்-அப்ல மிரட்டி வாங்கின நம்பர் இல்லை.

குற்றப் பத்திரிகை

1. நகரும் படம். இதுதான் ஏ-1. இது வேலை செய்யலைன்னு நிரூபிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. வெப் பயன்பாட்டு ஆராய்ச்சியில பழம் தின்னு கொட்டை போட்ட ஜேக்கப் நீல்சன் 2013-ல ஒரு சம்பவம் எழுதினார். சீமென்ஸ் வெப்சைட்ல வாஷிங் மெஷினுக்கு சலுகை இருக்கான்னு ஒரு பெண்மணியைத் தேடச் சொன்னாங்க. சலுகை பக்கத்தோட மேலேயே, பெரிய பெரிய எழுத்துல இருந்துது. ஆனா அது நகரும் படத்துல இருந்ததால அவங்க கண்ணுக்குப் படவே இல்லை. சலுகை இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதே வருஷம் அமெரிக்காவுல நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தோட வெப் ஆசாமி ஒருத்தர் கணக்கு எடுத்தார். ஹோம் பேஜுக்கு வந்தவங்கள்ல நகரும் படத்தைத் தொட்டவங்க சுமார் 1 சதவீதம். அதுலயும் முக்கால்வாசிக்கு மேல மொதல் படத்தைத் தொட்டவங்கதான். பின்னாடி வர்ற படம் எல்லாம் யாருக்காக? சேர்மனுக்காக. அவர் தன் போட்டோ வர்ற வரைக்கும் பொறுமையா காத்திருப்பார், ஏன்னா அவருக்கு மூச்சுத் திணறல் இல்லை.

இந்த நகரும் படம் ஏன் ஒழிய மாட்டேங்குதுன்னு நமக்குத் தெரியாதா என்ன? கம்பெனியில ஆறு டிபார்ட்மென்ட். ஆறு பேருக்கும் ஹோம் பேஜ்ல மேல இடம் வேணும். யாருக்கு இடம் இல்லைன்னு சொல்ற தைரியம் யாருக்கும் இல்லை. சரி, ஆளுக்கு நாலு செகண்ட் எடுத்துக்கோங்க! டிசைன் எல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. மீட்டிங்ல ஆன பங்காளித் தகராறுக்குப் பண்ண பஞ்சாயத்து அது.

2. வரவேற்பு உரை. "நல்வரவு"ன்னு எழுதினதாலயே யாரும் வரவேற்கப்பட்டதா உணர்றதில்லை. மேல இருக்கற மொத வரிதான் எல்லாரும் படிக்கற வரி. நீல்சன் குழு 2006-ல 232 பேரோட கண் அசைவைப் பதிவு பண்ணிப் பாத்தப்ப, ஜனங்க மேல ஒண்ணு ரெண்டு வரியை இடமிருந்து வலமா ஓட்டிட்டு, அப்புறம் இடது ஓரமாவே சர்ருன்னு கீழ இறங்கிடறாங்கன்னு தெரிஞ்சுது. அந்த மொத ரெண்டு வரியில போய் "தரத்திலும் சேவையிலும் தலைசிறந்த"ன்னு எழுதினா, என்ன விக்கறீங்கன்னு எப்ப சொல்லப் போறீங்க?

நம்ம ஊர்லயே இதுக்குப் பாடப் புத்தகம் இருக்கு. அடையார் டைம்ஸ், மயிலாப்பூர் டைம்ஸ் மாதிரி ஏரியா பேப்பர்ல வர்ற வரி விளம்பரத்தைப் பாருங்க. என்ன, எங்க, யாரைக் கூப்பிடணும். முடிஞ்சுது. இடத்துக்குக் காசு குடுக்கணும்கறதால ஒருத்தரும் அங்க விஷன் மிஷன் எழுத மாட்டாங்க. வெப்சைட்ல இடம் சும்மா கிடைக்குதுன்னதும் எல்லாருக்கும் நாக்குல சனி.

3. நம்பரை ஒளிச்சு வெக்கறது. கேட்டா, "நேரா நம்பர் குடுத்தா படிவத்தை யாரும் நிரப்ப மாட்டாங்க சார்"ங்கறாங்க. அதாவது, வாடிக்கையாளர் பேசணும்கறார், நீங்க அவரைப் பேச விடாம எழுத வெக்கறீங்க, உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி சேரணும்கறதுக்காக. இன்னும் சிலர் நம்பரைப் படமாவே வெச்சுடறாங்க. அந்தப் புண்ணியவான்களுக்கு என் அப்பா சார்பா ஒரு கும்பிடு.

4. தமிழைக் காணோம். மாட வீதியில பூஜை சாமான் விக்கற கடை, வர்ற கூட்டத்துல பெரும்பாதி தமிழ்ல பேசுது, முதலாளி தமிழ்ல பேசறார், கல்லாவுல சண்டையும் தமிழ்லதான் நடக்குது. ஹோம் பேஜ் மட்டும் லண்டன்ல பொறந்து வளந்துது. ஆங்கிலம் வேணாம்னு சொல்லலை. வெளிநாட்டுல இருந்து தேடற பேரனுக்கு அது வேணும். ஆனா தேடறது பேரனா இருந்தாலும், முடிவு பண்றது பாட்டி. பாட்டிக்கு ரெண்டு வரி தமிழ் குடுங்க.

5. பொய் அவசரம். "இன்னும் 2 இடம்தான்!", "இப்போது 37 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!" இதை எழுதற கோடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நானே பாத்திருக்கேன். ஒரு ரேண்டம் நம்பர். அவ்ளோதான். இது வெறும் அசிங்கம் மட்டுமில்ல, தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல "டார்க் பேட்டர்ன்"களுக்கு எதிரா வழிகாட்டு விதிகள் கொண்டு வந்தாங்க. 13 வகை ஏமாத்து வேலையைப் பட்டியல் போட்டிருக்காங்க. பொய் அவசரம் அதுல ஒண்ணு. வேணாம்னு சொல்றவனைக் குத்திக் காட்டறது ("வேண்டாம், எனக்கு ஆரோக்கியம் தேவையில்லை"ன்னு பட்டன் வெப்பாங்களே, அது), திரும்பத் திரும்ப நச்சரிக்கறது, எல்லாம் இருக்கு. அதே 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம்னா என்னன்னு தெளிவா சொல்லுது. கட்டாயம் இல்லாம, எதுக்குன்னு தெரிஞ்சு, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் குடுக்கறதுதான் சம்மதம். குடுக்கறது எவ்ளோ சுலபமோ, திருப்பி வாங்கறதும் அவ்ளோ சுலபமா இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்டியை மூடறதுக்காக நான் தட்டின நம்பர் எந்த வகை சம்மதம்?

"அப்ப நம்பரே கேக்கக்கூடாதா?"

கேளுங்க. எப்ப, எப்படிக் கேக்கறீங்கங்கறதுதான் விஷயம். இதுக்கு நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் நல்ல உதாரணம். முருகவேல் ஜானகிராமன். 1997-ல அமெரிக்காவுல வேலை பாத்துக்கிட்டே தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் ஆரம்பிச்சார். காலண்டர், பண்டிகைன்னு அதுல பல விஷயம் இருந்துது, கல்யாண வரன் பகுதி அதுல ஒரு மூலை. ஆனா கூட்டம் போனது அந்த மூலைக்குத்தான். மனுஷன் அதைக் கவனிச்சார். அந்த ஒண்ணையே தனியாப் பிரிச்சு பாரத் மேட்ரிமோனி ஆக்கினார். சென்னைக்கு வந்து, 2017-ல பங்குச் சந்தை வரைக்கும் போச்சு அந்தக் கம்பெனி. வர்றவன் எதைத் தேடி வர்றான்னு பாத்து, மத்ததை ஓரம் கட்டற தைரியம். பாடம் ஒண்ணு.

பாடம் ரெண்டு, அவங்க பதிவுப் படிவத்தோட மொத கேள்வி. பேர் இல்லை, நம்பர் இல்லை. "யாருக்காக வரன் தேடறீங்க?" எனக்கா, மகனுக்கா, மகளுக்கா, தம்பிக்கா, தங்கைக்கா? நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறது மாப்பிள்ளையா இருக்காது, அப்பாவா இருக்கும்னு தெரிஞ்ச ஆள்தான் அந்தக் கேள்வியைப் போட முடியும். அந்தக் கேள்வியைப் பாத்ததும் வந்தவருக்கு "சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோம்"னு தோணிடும். அதுக்கப்புறம் நம்பர் கேட்டா குடுப்பார். ஏன் கேக்கறாங்கன்னு அவருக்கே புரியும். எல்லா மேட்ரிமோனி சைட்டும் அப்புறம் போன் பண்ணி என்ன பாடு படுத்துதுங்கறது வேற கதை, அதுக்குத் தனிப் பதிவு போடணும்.

"அதெல்லாம் சரி, காலியா இருந்தா மதிப்பா இருக்குமா?"ன்னு சித்தப்பா மாதிரியே கேக்கறவங்களுக்கு: கூகுளோட மொத வருஷங்கள்ல நடந்த கதையை மரிஸ்ஸா மேயர் சொல்லியிருக்காங்க. சோதனைக்கு வந்தவங்க கூகுள் பக்கத்தைத் தொறந்து வெச்சுட்டு ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருந்தாங்களாம். ஏன்னு கேட்டா, "மீதி பக்கம் வரட்டும்னு காத்திருக்கோம்"னாங்களாம். அதனாலதான் பக்கம் முடிஞ்சுதுன்னு காட்ட அடியில காப்பிரைட் வரியைப் போட்டாங்களாம். அப்பக் கூட நடுவுல எதையும் கொண்டு வந்து அடைக்கலை பாருங்க. அந்தக் காலிப் பக்கத்தை வெச்சுத்தான் அவங்க இன்னிக்கு உங்களுக்கும் எனக்கும் விளம்பரம் விக்கறாங்க.

நான் பாத்ததுலயே நல்ல ஹோம் பேஜ்

2015 டிசம்பர். செம்பரம்பாக்கம் தண்ணி வந்து, அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை எல்லாம் முங்கின ராத்திரி. நான் அப்ப இன்ஜினியரிங் மொத வருஷம். கரண்ட் இல்லை, சிக்னல் வந்து வந்து போகுது. போன்ல எட்டு சதவீத சார்ஜ். அப்ப வாலன்டியர்கள் சேர்ந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டா ஆரம்பிச்சு நடத்தின சென்னைரெயின்ஸ் டாட் ஆர்க் தளம் ஞாபகம் இருக்கா? யாருக்கு என்ன வேணும், யார்கிட்ட என்ன இருக்கு, தங்க எங்க இடம் இருக்கு. லிஸ்ட்டு, நம்பர். எங்க ஒண்ணுவிட்ட அக்கா கைக்குழந்தையோட மாடியில மாட்டிக்கிட்டிருந்தப்ப, அந்த லிஸ்ட்ல இருந்த ஒரு நம்பருக்குக் கூப்பிட்டுத்தான் ஒரு வீட்டுல இடம் கிடைச்சுது. முன்னப் பின்ன தெரியாத மனுஷங்க.

அந்தப் பக்கத்துக்கு அழகுப் போட்டியில எந்தப் பரிசும் கிடைக்காது. அதை நடத்தினவங்களுக்கு சேர்மன் இல்லை, விஷன் இல்லை, மீட்டிங்ல சமாதானப்படுத்த ஆறு டிபார்ட்மென்ட் இல்லை. வாசல்ல ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான்கற நெனப்பு மட்டும்தான் இருந்துது. நம்பர் அங்கயும் கேட்டாங்க. அள்ளி அள்ளிக் குடுத்தோம். ஏன் கேக்கறாங்கன்னு தெரிஞ்சுது, அதனால.

எல்லா ஹோம் பேஜும் வெள்ள நிவாரணம் இல்லைதான். ஒத்துக்கறேன். நைட்டி விக்கறவருக்கு யார் உயிரும் போகப் போறதில்லை. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகும், ஸ்கூல் அட்மிஷனுக்கு வேற விதத்துல போகும், வீட்டு ஓனர் துரத்தி வாடகைக்கு வீடு தேடறவனுக்குப் போகும். பக்கத்தைத் தொறக்கறவன் எந்த நெலமையில தொறக்கறான்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாரையும் கை நடுங்கற ஆளா நெனச்சுக்கிட்டு டிசைன் பண்ணுங்க. கை நடுங்காதவங்களுக்கும் அது சௌகரியமாத்தான் இருக்கும்.

கடைசியா ஒரு வேலை. உங்க கம்பெனி வெப்சைட்டோ, நீங்க யாருக்காவது போட்டுக் குடுத்ததோ, அதைத் தொறந்து உங்க அத்தை கையில போனைக் குடுங்க. அஞ்சு எண்ணிட்டு திரும்ப வாங்கிடுங்க. மூணு கேள்வி கேளுங்க. "இவங்க என்ன பண்றாங்க? உங்களுக்கு இது ஆகுமா? வேணும்னா என்ன பண்ணுவீங்க?" மூணுக்கும் பதில் வந்தா நீங்க என்னைத் திட்டலாம், வாங்கிக்கறேன். வரலைன்னா அத்தையைத் திட்டாதீங்க. நான் மயிலாப்பூர் மாமியைத் திட்டி ரெண்டு வருஷம் வேஸ்ட் பண்ணேன்.

பி.கு.: அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்ததை எல்லாம் விவரமா எழுதி மெயில் அனுப்பினேன். உடனே பதில் வந்துது. "தங்கள் என்கொயரிக்கு நன்றி. எங்கள் ஆலோசகர் விரைவில் தங்களை அழைப்பார்." :-(